இரண்டாம் வருஷம், இரண்டாம் முறை

ஒரே வகுப்பில் இரண்டாம் முறை உட்காருவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, சீருடை உண்டு, விசாரிக்க வருகிறவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை.

அந்தத் தொழிலை நான் ஒரு முழு வருஷம் பார்த்தேன். பிரிஞ்சாங் என்ற மலையூரில் கடைவரிசைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கல்லூரியில் ஹோட்டல் நிர்வாக டிப்ளோமா படித்தேன். மூன்று வருஷப் படிப்பு. இரண்டாம் வருஷக் கடைசியில் கணக்கியலிலும் புள்ளியியலிலும் தோற்றேன். மறுதேர்வு வைத்தார்கள், அதிலும் தோற்றேன். காய்ச்சல், காதல், குடும்பப் பிரச்சினை என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் என்னிடம் இல்லை. எண்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கல்லூரி விதிப்படி அந்த வருஷத்தை முழுசாக மறுபடி படிக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருஷத்துக்குப் போனார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். என்னைவிடச் சின்னவர்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் என் தொழில்காரர்கள் சிலராவது இருப்பீர்கள். கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையை மேசைமேல் வைத்து, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும் வித்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள்

முதல் நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு சத்தமில்லாமல் பின்கதவு வழியாக நுழைந்துவிடலாம் என்று திட்டம். போய்ப் பார்த்தால் பின்கதவை நாற்காலி அடுக்கி அடைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன்கதவைத் திறந்தேன். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கொண்டை போட்ட தலை, கையில் கனமான புத்தகம். வகுப்பு முழுக்க எழுந்து நின்று, "குட் மார்னிங், மிஸ்" என்றது.

உட்காருங்கள் என்று சொல்வதா, நான் மிஸ் இல்லை என்று சொல்வதா? இரண்டையும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசைவரை நடந்தேன். நான் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். காது இரண்டும் எரிந்தன. அப்படியே இறங்கிப் போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று இருந்தது. பக்கத்து நாற்காலியில் திரிங்காப்பிலிருந்து வரும் கமலினி என்ற பெண் இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மெதுவாக என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "பரவாயில்லக்கா, லெக்சரர் வர்றவரைக்கும் நீங்களே நடத்துங்க. போன வருஷம் கேட்ட பாடம்தானே."

பவித்ரா என்பவள் யார்

கமலினி "அக்கா" என்று ஆரம்பித்துவைத்தாள். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அப்படியே கூப்பிட்டது; பவித்ரா என்ற என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமில்லை, மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அக்கா. மரியாதை என்று ஒரு பக்கம் தோன்றும். நீ எங்களோடு சேர்ந்தவள் இல்லை என்று வேலி போடுகிறார்களோ என்று இன்னொரு பக்கம் தோன்றும். கண்டீனில் மேசை நிறைய ஆள் இருந்தாலும் நான் தனியாகத்தான் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டேன். எதிரே என் பழைய வகுப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் அதையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவேன்.

குழுவாகச் செய்யும் ஒரு வேலைக்கு விரிவுரையாளர் மிஸ் லிம் எங்களைப் பிரித்துவிட்டார். என் குழுவில் மெய் லிங் என்ற பெண் தலைவி. ரொம்பப் பொறுப்பானவள். வேலை பாதி முடிந்திருந்த ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்துப்போய், முகத்தில் அத்தனை கவலையோடு மலாயில் கேட்டாள்: "அக்கா, நம்ம குழுவுல பவித்ரான்னு ஒருத்தி பேரு போட்டிருக்கு, ஒரு நாள்கூட வரலையே, அவளப் பத்தி மிஸ்கிட்ட சொல்லிடலாமா?"

படிப்பை நீட்டிவிட்டார்கள்

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை, அம்மா நாற்றுமேடையில். லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அங்கே நான் தோற்றதை அம்மா ஒரு வருஷம் மூடிவைக்கப் பார்த்தாள். யாராவது கேட்டால், "படிப்ப நீட்டிட்டாங்க" என்பாள். யார் நீட்டினார்கள், எதற்கு நீட்டினார்கள் என்று யாரும் கேட்காதபடி உடனே பேச்சை மழைக்குக் கொண்டுபோய்விடுவாள். பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் வரும். எனக்காகச் சொல்கிறாள் என்பதும் தெரியும். அதனால் கோபத்தைக் காட்டவும் முடியாது.

பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை மட்டும் மழைக்கு மசியவில்லை. ஒரு நாள் வாசலில் நின்று என்னையே கேட்டார், ஏன் நீட்டினார்கள் என்று. அம்மா உள்ளேயிருந்து, "புதுசா நெறைய பாடம் சேத்துட்டாங்களாம் அத்த" என்றாள். அஞ்சலை அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நீட்டுனா நல்லதுதான் புள்ள, எம்மவன ரெண்டே வருஷத்துல முடிச்சு அனுப்பிட்டாங்க, அவனுக்கு ஒண்ணுமே தெரியல."

பொன்னாடை

அந்த மூடி திறந்தது தோட்டத்துக் கோயில் திருவிழாவில். அந்த வருஷம் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது கோயில் கமிட்டியின் வழக்கம். சங்கரியைக் கூப்பிட்டார்கள். சங்கரி யார் என்று சொல்லவேண்டும். எங்கள் லயத்துக்குப் பின் லயம். தமிழ்ப்பள்ளி முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கல்லூரியிலும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் மூன்றாம் வருஷம் போனாள், நான் போகவில்லை. அவள் மேடையேறிப் பொன்னாடை வாங்கினாள். நான் கூட்டத்தில் இருந்து கைதட்டினேன். தட்டி முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயர். இருவரும் ஒன்றாகப் போனவர்கள் என்பதால் ஒன்றாகத்தான் முடிப்பார்கள் என்று கமிட்டி கணக்குப் போட்டிருந்தது.

எழுந்திருக்கவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "போ புள்ள, வெக்கப்படாத" என்று முதுகில் தள்ளினார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையேறியபோது கமிட்டித் தலைவர் துணியை விரித்துப் பிடித்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் சங்கரி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாங்க முடியவில்லை. மைக்கில், "நான் இந்த வருஷம் முடிக்கல. ரெண்டாவது வருஷத்தத் திரும்பப் படிக்கிறேன்" என்றேன். தலைவர் விரித்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா, அப்ப இது அடுத்த வருஷத்துக்கு" என்று சொல்லி அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பாகப் படவில்லை.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தோம். அம்மா வேகமாக முன்னால் நடந்தாள். அப்பா சாதாரண நாளிலேயே அதிகம் பேசமாட்டார். என் ரிசல்ட் வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. லயத்து முனை திரும்பும்போது என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "மைக்குல கொரலு நல்லா கேட்டுச்சும்மா, பின்னால நின்ன எனக்கே கேட்டுச்சு."

புதுப் பெண்

எங்கள் கல்லூரியில் செய்முறைப் பயிற்சிக்குத் தேயிலை மலைமேல் இருக்கும் டீக்கடைக்கு அனுப்புவார்கள். கண்ணாடிச் சுவர், கீழே பச்சையாகத் தேயிலைச் சரிவு, சனி ஞாயிறு ஆனால் கோலாலம்பூர், கிள்ளான் ஆட்களின் காடிகள் நிறுத்துமிடம் முழுக்க வரிசையாக நிற்கும். மூன்றாம் வருஷக்காரர்கள் சூப்பர்வைசர். இரண்டாம் வருஷக்காரர்கள் மேசை துடைப்பது, டீ கொண்டுபோவது. எனக்கு வாய்த்த சூப்பர்வைசர் சங்கரி. கோயில் சம்பவத்துக்குப் பிறகு அவளுக்கு என்மேல் அனுதாபம் பொங்கி வழிந்தது. மற்ற பிள்ளைகளை விரட்டி வேலை வாங்குவாள். என்னிடம் வந்தால், "பவி, கால் வலிக்குதா, கொஞ்சம் உக்காரு லா" என்பாள். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், டீ ஆறிப்போயிருக்கிறது, பொறுப்பான ஆளைக் கூப்பிடு என்றார். சங்கரி வந்தாள். வந்தவள் "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்பதைத் தாண்டி வேறு வார்த்தையே இல்லாமல் நின்றுவிட்டாள். அந்த அம்மாளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நான் இந்தப் பயிற்சியைப் போன வருஷமே செய்தவள். ஆறின டீ எத்தனையோ பார்த்தாயிற்று. சங்கரியின் காதருகே போய், "என்னைய அதட்டி வேலை வாங்குடி, அப்பதான் அவங்க அடங்குவாங்க" என்றேன். சங்கரி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, "பவித்ரா, இந்த டீப் பானைய எடு. சுடுதண்ணி ஊத்திச் சூடாக்கின புதுப் பானை கொண்டு வா. சீக்கிரம்" என்றாள். ஆறாம் வகுப்பில் நாங்கள் போட்ட ஒரு சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் "சரிங்க மிஸ்" என்று ஓடினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் கொஞ்சம் சரியானது. அன்று முழுக்க அவள் அதட்டினாள், நான் ஓடினேன், இருவருக்குமே அது பிடித்திருந்தது. கிள்ளான் அம்மாள் சூடான டீயைக் குடித்து முடித்து எழுந்து போகும்போது சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப அதட்டாதம்மா, பாவம், புதுப் பொண்ணு போல இருக்கு."

நீக்கப்பட்ட செய்தி

பழைய வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்களா, எடுத்தால் மனசு கஷ்டப்படும் என்று விட்டார்களா, தெரியவில்லை. நானும் விலகவில்லை. அவர்கள் போகும் இடம், வரும் இடம், எல்லாம் தினமும் எட்டிப் பார்ப்பேன். உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஒரு நாள் அதில் "வாழ்த்துகள் சங்கரி" என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த நிமிஷம் காணோம். அதற்குமேல் வந்தவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நான் குழுவில் இருப்பது அப்போதுதான் யாருக்கோ நினைவு வந்திருக்கிறது.

மறுநாள் பஸ் நிலையத்தில் சங்கரியைப் பிடித்தேன். என்ன வாழ்த்து என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் ஃபெயிலானேன், செத்தா போய்ட்டேன்? ஆஸ்பத்திரியில படுத்தவகிட்ட பேசற மாதிரியே பேசற. நல்லது நடந்தா என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். பிறகு மெதுவாக, "நீ இல்லாம அந்த வகுப்புல எனக்கு மட்டும் என்ன இருக்கு. பக்கத்து நாற்காலியில பையத்தான் வைக்கிறேன். நீ படிக்கட்டுல சாப்பிடற, நான் மேசையில தனியாச் சாப்பிடறேன்" என்றாள். முன்னால் போனவளுக்கும் தனிமை உண்டு என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பினாங்கில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், தேர்வு முடிந்ததும் போகவேண்டும் என்று அப்புறம் சொன்னாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க இருவரும் அழுதோம். என் அழுகை சந்தோஷமா, பொறாமையா, அவள் போகிறாளே என்ற துக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சங்கரிதான் முதலில் மூக்கைத் துடைத்தாள். "அழுது முடிச்சிட்டியா," என்றாள், "இன்னொண்ணு இருக்கு, அங்க தங்கற ரூமுல குளுகுளுன்னு ஏர்கோன் இருக்காம், நம்ம பொறந்ததிலேருந்து ஏர்கோன்ல தூங்கினதே இல்லையே."

பூக்கொட்டகை

வருஷக் கடைசித் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் கமலினி படிக்கட்டில், நான் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் அதே படியில், உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புள்ளியியல் சோதனையில் ரொம்ப மோசம். இப்படியே போனால் வருஷத்தைத் திரும்பப் படிக்கவேண்டிவரும் என்று மிஸ் லிம் எச்சரித்திருக்கிறார், வீட்டுக்கும் போன் போயிருக்கிறது. "வீட்டுக்கு எப்படிக்கா போவேன்" என்றாள். முதல் நாள் என்னைச் சிரிக்கவைத்த பெண். "நானும் வர்றேன், வா" என்று எழுந்துவிட்டேன். என் வீடு ஒரு பக்கம், திரிங்காப் எதிர்ப்பக்கம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அங்கே போய் என்ன பேசப்போகிறோம் என்று பயம் வந்தது.

கமலினியின் அப்பா சொந்தமாகச் செவ்வந்திப் பயிர் போடுகிறவர். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காம்பு நறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். லோரி வரும் நேரம். மகளைப் பார்த்தார், கத்தரி நிற்கவில்லை. நான் முன்னால் போய், "ஐயா, நான் பவித்ரா. இவங்க வகுப்புல வருஷத்தத் திரும்பப் படிக்கிற பொண்ணு நான்தான்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். கேள்வி கேட்கத் தொடங்கினார். அப்படிப்பட்ட கேள்விகளை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"அந்த நேரம் சோறு இறங்குச்சா?"

"இறங்குச்சுங்க. தனியாத்தான் சாப்பிட்டேன்."

"வீட்டுல அடிச்சாங்களா?"

"இல்லங்க. பேசல."

"அது அடிய விட மோசமாச்சே," என்றார். மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "படிப்ப விட்டுடலாம்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சு. காலையில பஸ் வந்துடும், ஏறிடுவேன்."

அவர் மனைவி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார். கமலினி ஓரமாக உட்கார்ந்து கட்டுக்கு ரப்பர் போட ஆரம்பித்தாள். நானும் ஒரு கட்டை எடுத்தேன். லோரி வந்து பூ ஏறும்வரை எல்லாரும் கட்டுக் கட்டினோம். என் வீட்டுப் பக்கமாகப் போகிற லோரி என்பதால் என்னையும் முன் இருக்கையில் ஏற்றிவிட்டார். கதவைச் சாத்தும்போது சொன்னார்: "ஃபெயிலானா இப்படி வீடு தேடி வந்து பேசற கூட்டாளியா இவளும் ஆவாள்னா ஆகட்டும்மா, ஆனா மொதல்ல பாஸாகறதுக்கும் ஒரு முயற்சி பண்ணச் சொல்லு."

வருகைப் பதிவு

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் நான் திரிங்காப் போனேன். பூக்கொட்டகையில் உட்கார்ந்து, கட்டுக் கட்டிக்கொண்டே இருவரும் புள்ளியியல் படித்தோம். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு கணக்கை நாலு விதமாக யோசிக்கவேண்டியிருந்தது. மூன்றாவது விதத்தில் பெரும்பாலும் எனக்கே புரிந்துவிடும். மெய் லிங்கும் வந்தாள். நான்தான் பவித்ரா என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது; தெரிந்தும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

ரிசல்ட் வந்தது. நான் இரண்டிலும் தேறினேன், கணக்கியலில் மயிரிழையில். கமலினி புள்ளியியலில் விழுந்தாள், மறுதேர்வில் எழுந்துகொண்டாள். அன்று அம்மா லயம் முழுக்கப் பாயசம் கொடுத்தாள். அஞ்சலை அத்தை வீட்டுக்கு மட்டும் இரண்டு கிண்ணம். கல்லூரியில் மிஸ் லிம்மிடம் நன்றி சொல்லப் போனேன். கண்டிப்பான ஆள்; இரண்டு வருஷத்தில் அவர் பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. கையைக் குலுக்கிவிட்டு மலாயில் சொன்னார்: "நல்லது பவித்ரா, ஆனா எனக்குத்தான் கஷ்டம், வருகை எடுக்கும்போது பார்க்காம சொல்ற ஒரே பேர் உன்னோடதுதான்."

இப்போது நான் மூன்றாம் வருஷத்தையும் முடித்து மலையிலேயே ஒரு ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறேன். ஒரு வருஷம் பின்தங்கியதில் எனக்கு மிஞ்சிய ஒரே தீராத கஷ்டம் இதுதான்: மற்றவர்கள் எல்லாம் ஒரு வகுப்புக்காரர்களின் கல்யாணத்துக்குப் போனால் போதும், நான் இரண்டு வகுப்புக்காரர்களின் கல்யாணத்துக்கும் போகவேண்டியிருக்கிறது.